மட்டம் பார்த்த தரை

லிஃப்ட்காரருக்குத் தற்காலிகம் என்ற சொல்லே ஆகாது. உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் அவர் தொழில். அங்கே ஒரு போல்ட் தளர்ந்தால் யாரோ ஒருவர் வீடு திரும்பமாட்டார். அந்தப் பயத்திலேயே முப்பது வருஷம் ஓட்டியவர், வீட்டிலும் அதே ஆள்தான். சுவரில் காலண்டர் மாட்டச் சொன்னால் துளை போட்டு, பசை ஊற்றி, கொக்கியை முறுக்கி, அதில் தொங்கிப் பார்த்துவிட்டுத்தான் காலண்டரை மாட்டுவார். “காலண்டர மாட்டச் சொன்னேங்க, செவத்துக்கும் அதுக்கும் கல்யாணம் பண்ணி வைக்கச் சொல்லல” என்பாள் மனைவி. அவர் அதையும் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்வார்.

இந்தக் கதையை வெளியில் சொல்வது அவருக்குப் பிடிக்காது. பிடிக்காவிட்டால் போகட்டும். நடந்தது நடந்ததுதானே.

பல வருஷமாக மனுஷனுக்கு ஒரே ஆசை. வீட்டோடு ஒட்டியிருந்த கராஜைத் தனக்கென்று ஒரு பட்டறையாக மாற்ற வேண்டும். அரைகுறையாக இல்லை, சகல வசதியோடும். துளை போடும் இயந்திரம் ஒரு மூலையில், மரம் அறுக்கும் இயந்திரம் ஒரு மூலையில், நடுவில் யானை ஏறி நின்றாலும் அசையாத ஒரு மேசை, தூசியை உறிஞ்சிக்கொள்ளக் கூரையோடு ஓடும் குழாய். “காரு வெயில்லயும் மழையிலயும் நின்னா ஒண்ணும் ஆகாது. கருவி நின்னா துருப்பிடிச்சிடும்” என்று ஒருநாள் தீர்ப்புச் சொல்லிவிட்டுக் காரை வெளியே தள்ளினார்.

அந்தக் கராஜைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வீடு மேட்டில் இருந்தது. முன்வாசலுக்கு ஏறும் படிகள் செங்குத்தானவை, நடுவில் ஒரு திருப்பம் வேறு. பின்வாசலிலும் படிகள்தான். படியே இல்லாமல் வீட்டுக்குள் போக ஒரே ஒரு வழி இருந்தது. பக்கவாட்டில் மெல்ல ஏறிவரும் பாதை கராஜில் போய் முடியும். கராஜின் உள்சுவரில் ஒரு கதவு. அதைத் திறந்தால் நேரே நடை, பக்கத்திலேயே குளியலறை. மளிகை மூட்டை வந்தால் அந்த வழி. பீரோ வந்தால் அந்த வழி. இரண்டு வருஷமாக அக்கா வருவதும் அந்த வழிதான்.

அக்கா அவருக்கு எட்டு வயது மூத்தவள். ஒருநாள் வழுக்கி விழுந்ததில் முதுகெலும்பில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே பலம் போய்விட்டது. சக்கர நாற்காலிதான். ஆனால் வாய்க்கு ஒரு குறையும் வரவில்லை, சிரிப்புக்கும் வரவில்லை. மாதத்துக்கு ஒருமுறையாவது அவள் புருஷன், லிஃப்ட்காரருக்கு மாமா, காரை நேரே கராஜுக்குள் விட்டு அவளை இறக்கி, அந்தக் கதவு வழியாக உள்ளே தள்ளிக்கொண்டு வருவார். “வந்துட்டா உங்க வீட்டு பீரோ” என்று சத்தம் கொடுத்துக்கொண்டே நுழைவாள்.

பட்டறை வேலை தொடங்கியது. முதலில் தரை. காரில் வடியும் மழைத்தண்ணீர் வெளியே ஓடட்டும் என்று எல்லாக் கராஜையும் போல அதுவும் ஷட்டரைப் பார்த்துச் சரிந்திருந்தது. சரிவான தரையில் இயந்திரம் வைப்பதா? லிஃப்ட்காரருக்கு அதை நினைத்தாலே உடம்பெல்லாம் அரித்தது. கான்கிரீட் ஊற்றி நிரவினார். ரசமட்டத்தை இப்படி வைத்தார், அப்படி வைத்தார், குறுக்கே வைத்தார். குமிழ் நடுவைவிட்டு நகரவில்லை. ஒரு கோலிக்குண்டைத் தரையில் வைத்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். குண்டு வைத்த இடத்திலேயே நின்றது. ஷட்டர் ஓரம் மட்டும் ஒரு சாண் உயரத்துக்கு விளிம்பு வந்துவிட்டது. அதனாலென்ன, தாண்டிவிடலாம் என்றார்.

அடுத்தது சுவர். கருவிகளை மாட்டும் பலகைக்கு வெளிச்சம் விழும் சுவர் ஒன்றுதான் இருந்தது, அதாவது உள்கதவு இருந்த சுவர். ஜன்னலுக்கு எதிரே, நல்ல நீளம். நடுவில் இந்தக் கதவு மட்டும் இல்லாவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒரு வாரம் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் பிளைவுட் வெட்டிக்கொண்டு வந்தார்.

மனைவி அப்போது அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள்.

“கதவ மூடிட்டா அண்ணி எப்படிங்க வருவாங்க?”

“முன்னாடி ஒரு சரிவு போட்டுட்டாப் போச்சு.”

“எப்ப?”

“இது முடியட்டும். அக்கா என்ன தினமுமா வராங்க? அதுவரைக்கும் நாமளே போய்ப் பார்த்துட்டு வருவோம். அவங்களுக்கும் அலைச்சல் மிச்சம்.”

அலைச்சல் மிச்சமாம்! நாக்கில் நரம்பில்லாமல் எப்படித்தான் வந்ததோ அந்த வார்த்தை. மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் துளைபோடும் கருவியை ஓடவிட்டுவிட்டார்.

மற்றவன் என்றால் நாலு திருகாணி முறுக்கி விட்டிருப்பான். இவர் யார்? கதவுநிலையைச் சுற்றித் திருகாணி, ஒவ்வொரு திருகாணிக்கும் பசை, அதன் தலைமேல் பட்டி மாவு பூசித் தேய்த்து வண்ணம். அங்கே ஒரு கதவு இருந்தது என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். பலகையில் சுத்தியல், உளி, ஸ்பேனர் ஒவ்வொன்றுக்கும் அதனதன் வடிவத்தைக் கறுப்பில் வரைந்து மாட்டினார். அதன் முன்னால் அந்தப் பெரிய மேசை. கால்களுக்குக் கீழே தரையைத் துளைத்து, லிஃப்டின் தண்டவாளத்தைப் பிடித்து நிறுத்துகிற அதே போல்ட்டுகளை, அதே ரசாயனப் பசையை ஊற்றி இறக்கி, நட்டுக்கும் பசை தடவி முறுக்கினார். அது இறுகிவிட்டால் கான்கிரீட்தான் உடையுமே தவிர போல்ட் வெளியே வராது. முடித்ததும் மேசையின் விளிம்பைப் பிடித்து முழுப் பலத்தோடு உலுக்கிப் பார்த்தார். அவர்தான் ஆடினார். சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

இதற்கிடையில் அக்கா இரண்டு மூன்று தடவை போன் செய்தாள். “எப்படா வரட்டும்? உன் மாளிகையப் பாக்கணும்.”

“ஒரே தூசியா இருக்குக்கா. நாங்களே வரோம்.”

போகவும் இல்லை. வேலை இருந்ததாம். ஆனால் போட்டோ மட்டும் எடுத்து எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுத் தள்ளினார். பலகை ஒரு போட்டோ, மேசை நாலு போட்டோ, தூசிக் குழாய்க்கு ஒரு வீடியோ.

எல்லாம் முடிந்ததும் ஒரு விடுமுறை நாளில் வேலையிடத்து ஆட்களை வீட்டுக்கு அழைத்தார். மேலாளர் வந்தார். கூட வேலை செய்யும் நாலைந்து பேர் வந்தார்கள். அவர்களில் ‘ஸ்பீக்கர்’ என்று எல்லோரும் கூப்பிடும் ஒருவன். அவன் மெதுவாகப் பேசினாலே அடுத்த தெருவுக்குக் கேட்கும். “அண்ணே! இது பட்டறையா, ஆபரேஷன் தியேட்டரா? செருப்பக் கழட்டணுமா?” என்று அவன் வாசலிலிருந்தே கத்தியபோது லிஃப்ட்காரரின் மார்பு ஒரு அங்குலம் உயர்ந்தது. மேலாளர் வாயே திறக்காத ஆள். அவர் மேசையைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டினார். அது போதாதா?

அப்போதுதான் பாதையில் மாமாவின் கார் வந்து நின்றது.

கார் ஜன்னல் வழியாக அக்காவின் முகம், வாயெல்லாம் பல். “திடீர்னு வந்து நிக்கணும்னுதான்டா சொல்லாம வந்தேன்!”

லிஃப்ட்காரரும் சிரித்தார். சிரித்த சிரிப்பு அப்படியே உறைந்து முகத்தில் நின்றது.

மாமா நாற்காலியை விரித்து அவளை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். ஷட்டர் ஓரத்து விளிம்பில் சக்கரம் முட்டி நின்றது. “இது எப்ப முளைச்சுது?” என்றார் மாமா. ஸ்பீக்கர் ஓடிவந்து ஒரு பக்கம் பிடித்தான். இருவருமாகத் தூக்கி உள்ளே வைத்தார்கள். கார் வழியை மறித்து நின்றதால், தள்ளி நிறுத்திவிட்டு வருவதாக மாமா வெளியே போய்விட்டார்.

அக்கா பட்டறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அவளுக்கு உளிக்கும் ஸ்பேனருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனாலும் ஒவ்வொன்றையும் கேட்டாள், தொட்டாள். “ஐயா, எங்க தம்பி சின்ன வயசுல ரேடியோவப் பிரிச்சுட்டு மாட்டத் தெரியாம அழுதவன். இப்பப் பாருங்க” என்று மேலாளரிடம் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் கண்ணில் அப்படி ஒரு பெருமை. லிஃப்ட்காரர் அந்தப் பக்கம் பார்க்காமல் ஒரு துணியை எடுத்து ஏற்கெனவே பளபளத்த இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் அவள் சக்கரத்தைத் தானே தள்ளிக்கொண்டு அவர் பக்கத்தில் வந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“தம்பி, கதவு எங்கடா?”

“எந்தக் கதவு?”

தெரியாதாம்! அந்த ஒரு கேள்விக்காகவே அவரைப் பிடித்து நாலு உலுக்கு உலுக்கலாம்.

“உள்ள போற கதவுடா. போட்டோவுல தெரியல, இந்தப் பக்கம் எங்கயாச்சும் மாத்தி வெச்சிருப்பேன்னு நெனச்சேன். கொஞ்சம் அவசரம். வழியெல்லாம் தண்ணி குடிச்சுட்டே வந்தேன். அந்த மாத்திர போட்டா தாங்க முடியறதில்ல, உனக்குத் தெரியுமே.”

அவருக்குத் தெரியும். அவள் விழுந்த நாளிலிருந்து அந்த விஷயத்தில் அவளுக்கு அதிக அவகாசம் கிடையாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவள் எங்கே போனாலும் முதலில் விசாரிப்பது அதைத்தான். விசாரிக்காமல் வருகிற வீடு இது ஒன்றுதான்.

வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து மேலாளர் கூரையைக் காட்டி, “இந்தக் குழாய்ல இழுப்பு எப்படி இருக்கு?” என்று கேட்டார். வாயே திறக்காத மனுஷன் அப்போதுதானா திறக்க வேண்டும்?

“ஒரு நிமிஷம்கா” என்றார் லிஃப்ட்காரர்.

சொல்லிவிட்டு மேலாளரிடம் போனார். போனவர் இயந்திரத்தை ஓடவிட்டார். மரத்தூளை அள்ளிப் போட்டு அது மேலே பறப்பதைக் காட்டினார். எத்தனை குதிரைத்திறன், எங்கே வளைவு வைத்தேன், ஏன் வைத்தேன் என்று அளந்துகொண்டே போனார். நிறுத்தினால் அக்காவிடம் திரும்ப வேண்டும். கதவை நானே மூடிவிட்டேன் என்று இத்தனை பேர் நடுவில் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் எப்படியாவது அந்த நிமிஷம் கடந்துவிடாதா என்றுதான் இருந்தது அவருக்கு. இயந்திரத்தின் இரைச்சலில் அக்கா இரண்டு தடவை “தம்பி” என்று கூப்பிட்டாள். கேட்டது. கேட்கவில்லை என்று பிற்பாடு அவர் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. கேட்டது.

இயந்திரம் நின்றது.

“தம்பி. முடியலடா.”

இந்த முறை எல்லோருக்கும் கேட்டது. அவள் நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்திருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை.

“முன்வாசல் வழியாத் தூக்கிட்டுப் போயிடலாம்கா. நாலு பேர் இருக்கோம்ல.”

அக்கா அந்த நாலு பேரையும் பார்த்தாள். முன்பின் தெரியாத ஆண்கள். அந்தச் செங்குத்துப் படியில் நாற்காலி திரும்பாது. ஆளைத்தான் கையிலும் காலிலும் பிடித்துத் தூக்க வேண்டும். தெருவே பார்க்கும்.

“வேணாம்டா” என்றாள். “தூக்கினா அங்கயே ஆயிடும்டா.” அவளுக்கே கேட்காத குரலில் சொன்னாள்.

அப்போதுதான் லிஃப்ட்காரருக்குப் பதறியது. பலகையிலிருந்து பெரிய ஸ்பேனரை உருவினார். மேசைக்குக் கீழே மண்டியிட்டு நட்டைப் பிடித்துத் திருகினார். அசையவில்லை. ஸ்பேனருக்கு ஒரு குழாயைச் சொருகி, உடம்பின் மொத்த எடையையும் போட்டார். அசையவில்லை. “இன்னொரு கை குடுங்கப்பா” என்று கத்தினார். ஸ்பீக்கர் வந்து குனிந்து பார்த்தான்.

“அண்ணே, இது நம்ம தண்டவாள போல்ட்டு. பசை ஊத்தியிருக்கீங்க. இது வராது, உங்களுக்கே தெரியும்.” அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாகப் பேசினான்.

லிஃப்ட்காரர் எழுந்தார். மேசைமேல் ஏறினார். பலகையில் மாட்டியிருந்த கருவிகளை அள்ளி அள்ளிக் கீழே போட்டார். பிளைவுட்டின் விளிம்பை நகத்தால் துழாவினார். திருகாணித் தலை ஒன்றுகூடத் தட்டுப்படவில்லை. எல்லாவற்றையும் மாவு பூசித் தேய்த்தவர் அவர்தானே! உளியை எடுத்து இடித்தார். ஒரு சில்லு பெயர்ந்தது. அவ்வளவுதான்.

அதே சமயம் தட்டில் தேநீரோடு மனைவி, முன்வாசலில் இறங்கி வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். மேசைமேல் நிற்கும் புருஷனைப் பார்த்தாள், அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. தட்டை அப்படியே தரையில் வைத்துவிட்டு, “எல்லாரும் கொஞ்சம் வெளிய போங்க! அந்த வாளிய எடுங்க!” என்றாள்.

பிந்திவிட்டது.

முதலில் சத்தம்தான் கேட்டது. பிறகு நாற்காலிக்குக் கீழே தெரிந்தது. பழைய தரையாக இருந்திருந்தால் சரிவில் ஓடி வெளியே போயிருக்கும். இது மட்டம் பார்த்த தரை. எந்தப் பக்கமும் ஓடாமல், சக்கரத்தைச் சுற்றி வட்டமாகப் பரந்து, அங்கேயே நின்றது.

யாரும் அசையவில்லை. மேலாளர் கூரைக் குழாயைப் பார்த்தார். ஸ்பீக்கர் தன் செருப்பைப் பார்த்தான். மேசைமேல் கையில் உளியோடு நின்ற லிஃப்ட்காரருக்கு இறங்கவும் தெரியவில்லை, நிற்கவும் தெரியவில்லை. பூமி பிளந்து விழுங்கிவிடக் கூடாதா என்று இருந்தது. அதுவும் நடக்காது. அவரே கான்கிரீட் போட்டு வைத்திருந்தாரே.

அக்காதான் முதலில் பேசினாள்.

“அடடா, பாட்டில் மூடிய சரியா மூடல போலிருக்கு. தண்ணியெல்லாம் கொட்டிடுச்சு.” பக்கத்தில் பாட்டில் எதுவும் இல்லை. முகம் சிவந்து, உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. அப்படியே சிரித்தாள். “புதுத் தரைய நாசம் பண்ணிட்டேன்டா தம்பி, கோச்சுக்காத.”

கோபித்துக்கொள்ளாதே என்கிறாள்! அவர் மானத்தையும் சேர்த்து அல்லவா அவள் அந்தப் பொய்யால் மூடப் பார்த்தாள். அவருக்கு அது புரிந்தது. புரிந்ததுதான் தாங்கமுடியவில்லை.

மாமா வந்து நின்றார். தோளிலிருந்த துண்டை எடுத்து அவள் மடியில் விரித்தார். மனைவி நாற்காலியின் முன்பக்கத்தைப் பிடித்தாள். இருவருமாக விளிம்பைத் தாண்டி இறக்கினார்கள். “அண்ணி, பின்னாடி ஒரு மறைவு கட்டித் துணி மாத்திவிடறேன், இருங்க” என்று மனைவி கெஞ்சினாள். “வேணாம்மா, வீட்டுக்கே போயிடறோம்” என்றாள் அக்கா. போகிற போக்கில் திரும்பி அந்த ஆட்களைப் பார்த்து, “எங்க தம்பி எது செஞ்சாலும் ஒழுங்காச் செய்வான். நீங்க இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க” என்றாள். அத்தனை தூரமும் அந்த ஈரத்தோடு போனாள்.

வந்தவர்கள் சாப்பிடாமல் கலைந்தார்கள். தரையை லிஃப்ட்காரரே துடைத்தார். மனைவி துணி கொண்டுவந்து கொடுத்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“ஒரு தடவ கேட்டதோட நான் விட்டிருக்கக் கூடாது” என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலையிலேயே கிரைண்டரை எடுத்துப் போல்ட்டுகளைத் தரையோடு தரையாக அறுத்தார். தீப்பொறி பறந்து கையெல்லாம் கொப்புளம். பிளைவுட்டைப் பெயர்த்தபோது உள்ளே பழைய கதவு இருந்தது, அதன் கைப்பிடியில் அக்காவுக்காகத் தாழ்வாகக் கட்டியிருந்த கயிறோடு. அதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து நிலையை அகலமாக்கினார். ஷட்டர் விளிம்பை உடைத்துச் சரிவு போட்டார். முன்வாசலுக்கும் தோட்டத்தைச் சுற்றி ஒரு நீளமான சரிவு, கைப்பிடியோடு. குளியலறைக் கதவை மாற்றி, உள்ளே பிடித்துக்கொள்ளக் கம்பிகள் வைத்தார். ஒவ்வொரு கம்பியிலும் தொங்கிப் பார்த்தார். அந்த மேசையை எடுத்துப் போகச் சொல்லி ஸ்பீக்கருக்குக் கொடுத்துவிட்டார்.

அக்காவைப் பார்க்கப் போனார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு போனார். போய் உட்கார்ந்ததும், “அக்கா, அன்னைக்கு…” என்று தொடங்கினார்.

“என்னைக்கு?” என்றாள் அவள். “அதப் பேசாதடா. வேற எதாவது சொல்லு. இளைச்சுப் போயிட்டியே, சாப்பிடறியா இல்லியா?”

“வீட்டுக்கு வாக்கா” என்று மட்டும் கேட்டார். வரேன்டா, வரேன்டா என்றாள். மழை என்றாள், மாமாவுக்குச் சளி என்றாள், காரில் ஏதோ சத்தம் என்றாள். அவர் மறுபடி மறுபடி கேட்டார். கடைசியில் மனைவி போய்க் கையைப் பிடித்துக் கெஞ்சிய பிறகு, ஒரு நாள் வந்தாள்.

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. கார் கராஜுக்குள் வந்தது. நாற்காலி சரிவில் வழுக்கிக்கொண்டு ஏறியது. கதவு அகலமாகத் திறந்திருந்தது. அக்கா சிரித்தாள், கேலி செய்தாள், கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்து, “யானையக் கட்டிப் போடலாம்டா” என்றாள். பீரோ வந்துவிட்டது என்று மட்டும் சொல்லவில்லை. மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தாள், தண்ணீர் வைத்தாள், வெட்டிய பழம் வைத்தாள்.

“இப்பதான்மா வீட்ல குடிச்சுட்டு வந்தேன்.”

லிஃப்ட்காரர் மாமாவிடம் போனார். கராஜில் நின்று, அறுத்த போல்ட்டுகளின் தடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார் மாமா. பிறகு தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

“அவ நேத்து சாயங்காலத்துலேருந்து ஒரு வாய் தண்ணி குடிக்கலப்பா. இங்க வரோம்னு முடிவானதுமே நிறுத்திட்டா. காலைல மாத்திரையக்கூட வெறும் வாயிலதான் முழுங்கினா. நான் சொல்லிப் பாத்துட்டேன், கேக்கல. கதவு தொறந்துதான் இருக்கும், தம்பியே போன் பண்ணிச் சொன்னான்னு சொன்னேன். தெரியும், ஆனாலும் வேணாம்னுட்டா. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என் தலைமேல அடிச்சு சத்தியம் வாங்கியிருக்கா.”

லிஃப்ட்காரர் உள்ளே வந்தார். அக்கா மனைவியிடம் யாரோ பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுநடுவே நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டாள். உதடு வெடித்திருந்தது. தேநீர் ஆறி ஆடை படிந்திருந்தது. தண்ணீர் டம்ளரில் விளிம்பு குறையாமல் அப்படியே இருந்தது.

அவர் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார். டம்ளரை எடுத்தார்.

“அக்கா. கொஞ்சம் தண்ணி குடிக்கா.”

அவள் பேச்சை நிறுத்தினாள். டம்ளரைப் பார்த்தாள். விரியத் திறந்திருந்த குளியலறைக் கதவைப் பார்த்தாள். அதற்குப் பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அதில் என்ன தெரிந்ததோ, அவன் தலையில் கைவைத்து மெதுவாகக் கோதிவிட்டாள்.

“வீட்டுக்குப் போய்க் குடிச்சுக்கறேன்டா” என்றாள்.